தோற்ற தளபதியின் சொல்: லாலியின் சிறை எழுத்துகளை மதிப்பிடும் முறை

(வானூர் வட்டார வாசகர் அவையில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

போரில் வென்ற தளபதியின் புகழைப் பாட அரசும் புலவரும் வரலாற்றாசிரியரும் முன்வருவர். தோற்ற தளபதிக்கோ, அவர் உயிரோடு எஞ்சினால், தம் கதையைத் தாமே எழுத வேண்டிய நிலை வந்துசேர்கிறது. அப்படி எழுதப்பட்டவற்றுள் ஒரு தனி வகை உண்டு. எழுதியவர் பிழை மலிந்தவர். முன்கோபத்தாலும் கடுஞ்சொல்லாலும் தம் படையையே பகையாக்கிக்கொண்டவர். ஆயினும் அவர் கையில் பேனா வந்ததும் சொல் கூர்மை பெறுகிறது, நிகழ்ச்சிகள் ஒழுங்குபெறுகின்றன, படிப்பவர் மனம் அவர்பால் சாயத் தொடங்குகிறது. இத்தகைய எழுத்தின் அழகை எந்த அளவுக்கு ஏற்கலாம், எந்த இடத்தில் ஐயுற வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள். சான்றாக எடுத்துக்கொள்ளப்படுபவர், வானூரை ஒட்டிய புதுச்சேரியை 1761 சனவரியில் ஆங்கிலேயரிடம் இழந்த பிரெஞ்சுத் தளபதி தாமஸ் ஆர்தர் தெ லாலி, தொலந்தால் பிரபு.

இச்சான்று இந்த மண்ணுக்கு அயலானதன்று. மரக்காணத்துக்கு வடக்கே கடலோரம் சிதைந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டு இடிக்கப்பட்டது. பெருமுக்கல் மலைக்கோட்டையும் வழுதாவூரும் அதே ஆண்டில் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. செஞ்சி 1761-இல் வீழ்ந்தது. புதுச்சேரி நகரத் தெருக்களில் லாலியின் பெயரும், அவருடன் ஓயாது பிணங்கிய புஸ்ஸியின் பெயரும், இவ்விருவரின் காலத்தையும் நாள்தோறும் குறித்துவைத்த ரங்கப்பிள்ளையின் பெயரும் இன்றும் வழங்குகின்றன. ஆகவே லாலியின் எழுத்தைப் படிப்பது, உப்பளங்களுக்கும் ஏரிப்பாசன வயல்களுக்கும் இடையே நடந்த ஒரு போரைப் பற்றி அதை நடத்தியவர் என்ன சொன்னார் என்று கேட்பதாகும்.

லாலி 1702-இல் பிரான்சின் ரோமான் நகரில் பிறந்தவர். தந்தை அயர்லாந்துக்காரர், இங்கிலாந்தின் அரியணையை இழந்த ஸ்டூவர்ட் அரச மரபின் பக்கம் நின்று, நாடு நீங்கிப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்த அயர்லாந்து வீரர்களுள் ஒருவர். சிறுவனாகவே படைப்பட்டியலில் சேர்க்கப்பட்ட லாலி, 1745-இல் ஃபோந்தனுவா போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்காக அக்களத்திலேயே பதவி உயர்வு பெற்றார். அவருடைய ஆங்கில வெறுப்பு, கடமையுணர்ச்சியோடு குடும்பத்தின் இழப்பும் கலந்து விளைந்தது. ஏழாண்டுப் போர் தொடங்கியபின், இந்தியாவிலுள்ள பிரெஞ்சுப் படைகளின் தலைமை அவருக்குத் தரப்பட, 1758 ஏப்ரல் இறுதியில் அவர் இக்கரையில் இறங்கினார். பணத்தில் நேர்மையானவர், நேர்நின்று போரிடுவதில் துணிந்தவர். ஆனால் இந்நாட்டைப் பற்றியோ இங்கு வாழ்ந்த மக்களைப் பற்றியோ எதுவும் அறியாதவர், அறிய விரும்பாதவரும்கூட.

தொடக்கத்தில் வெற்றி விரைந்து வந்தது. கடலூரும் அதையடுத்த புனித தாவீது கோட்டையும் 1758 சூன் தொடக்கத்துக்குள் அவர் வசமாயின. அதன்பின் பணமுடை அவரைத் தஞ்சாவூர்ப் பக்கம் திருப்பியது. மராட்டிய மன்னர் பிரதாபசிங் முன்பு எழுதித் தந்திருந்த பழைய கடன்பத்திரத்தைக் காட்டிப் பெருந்தொகை கேட்டுப் படையெடுத்த அவர், ஆகஸ்டில் வெறுங்கையோடு திரும்பினார். ஐதராபாத்தில் பிரெஞ்சுச் செல்வாக்கைப் பல ஆண்டுகள் கட்டிக்காத்த புஸ்ஸியைத் தம்மிடம் திருப்பி அழைத்ததால், அச்செல்வாக்கும் சரிந்தது. 1758 டிசம்பரில் தொடங்கிய சென்னை முற்றுகை 1759 பிப்ரவரி 17 அன்று கைவிடப்பட்டது. சம்பளம் கிடைக்காத படைவீரர்கள் அதே ஆண்டில் கலகம் செய்தனர். கடற்படைத் தலைவர் தாஷே, ஆங்கிலக் கடற்படையோடு மூன்று முறை பொருதபின், மொரீசியஸ் தீவுக்குத் திரும்பிப் போனவர் மீண்டும் வரவில்லை. 1760 சனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் லாலி தோற்றார். மைசூரின் ஐதரலியிடம் தியாகதுருகத்தைத் தந்து பெற்ற உதவியும் நிலைக்கவில்லை. 1761 சனவரி முதல் நாளில் வீசிய புயல் முற்றுகையிட்ட ஆங்கிலக் கப்பல்களைச் சிதறடித்தும் புதுச்சேரியில் உணவு இல்லாததால் பயன் விளையவில்லை. பதினாறாம் நாள் நகரம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

லாலியின் எழுத்து வாழ்க்கை இங்கேதான் முழு வேகம் கொள்கிறது. போர்க்கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், பாரிசில் தம்மீது துரோகக் குற்றம் சுமத்தப்படுவதை அறிந்து, தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே அனுமதி பெற்றுத் தாயகம் சென்றார். 1762 நவம்பரில் பஸ்தீய் சிறையில் அடைக்கப்பட்டார். விசாரணையே தொடங்காமல் ஓராண்டுக்கும் மேல் கழிந்தது. அக்காலத்துப் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டம், 1670-ஆம் ஆண்டின் ஆணைப்படி, கடுங்குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞரை அருகில் வைத்துக்கொண்டு வாதாட இடம் தரவில்லை. பேச வாய்ப்பற்றவருக்கு எழுத்து ஒன்றே எஞ்சியது.

அந்த எழுத்தின் வடிவத்தை விளக்குவது இங்கே தேவையாகிறது. பிரெஞ்சு வழக்குகளில் 'மெமுவார்' எனப்படும் அச்சிட்ட வழக்குரை ஒன்று இருந்தது. ஒரு தரப்பு தன் நியாயத்தை விரித்தெழுதி, நீதிபதிகளுக்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் வழங்கும் சிறு நூல் அது. வழக்கறிஞர் கையொப்பம் இருந்தால் அரசின் முன்தணிக்கை இல்லாமலே அது வெளிவர முடிந்தது. ஆகவே அரசைக் குறைகூறக்கூடிய அரிய வழியாகவும் அது விளங்கியது. சோழமண்டலக் கரையில் பதவி வகித்துப் பழி சுமந்தோர் பலரும் இவ்வடிவத்தைக் கையாண்டனர். 1746-இல் சென்னையைக் கைப்பற்றிய லா பூர்தொனே, பஸ்தீயில் அடைபட்டிருந்தபோது, எழுதுபொருள் மறுக்கப்பட்டதால் கைக்குட்டைகளில் தம் வாதத்தைத் தீட்டினார் எனச் சொல்வர்; 1751-இல் விடுதலையும் பெற்றார். ஆளுநராக இருந்து திருப்பி அழைக்கப்பட்ட டூப்ளே, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேல் வழக்குரை ஒன்றை 1759-இல் வெளியிட்டார். லாலி எழுதத் தொடங்கியபோது புஸ்ஸியின் தரப்பிலும், ஆளுநராயிருந்த லெய்ரியின் தரப்பிலும் நூல்கள் வெளிவந்தன. புதுச்சேரியில் பீரங்கிகள் ஓய்ந்தபின், அதே பகை பாரிசின் அச்சகங்களில் தொடர்ந்தது என்று சொல்லலாம்.

லாலி எழுதியவை 1766-இல் இலண்டனிலும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. இந்தியாவுக்குக் கப்பலேறியது முதல் போர்க்கைதியாக அனுப்பப்பட்டது வரையிலான நிகழ்ச்சிகளை, தம் நீதிபதிகளை நோக்கி அவரே எழுதிய பகுதிகளும், சான்றாவணங்களின் பின்னிணைப்பும், ஆற்காடு, வந்தவாசி, புதுச்சேரி ஆகியவற்றின் வரைபடங்களும் அந்நூலில் இருந்தன. இந்த அமைப்பே அவருடைய எழுத்தின் முதல் சிறப்பைக் காட்டுகிறது. தம் வீரத்தைப் பாடுவதோடு அவர் நிற்கவில்லை. கடிதத்துக்குக் கடிதம், நாளுக்கு நாள், பதிலுக்குப் பதில் என்று ஆவணங்களை வரிசையாக அடுக்கி, படிப்பவரையே நீதிபதியின் இருக்கையில் அமர்த்துகிறார். சினம் மிக்க ஒருவர் தம் சினத்தை ஒழுங்குபடுத்திச் சான்றாக மாற்ற முயலும்போது பிறக்கும் இறுக்கம் அவ்வெழுத்தில் தொடர்ந்து உணரப்படுகிறது.

இரண்டாவது சிறப்பு, போரின் உள்ளுறுப்புகளைப் பார்க்கும் கண். அரசவையினர் போர் என்றால் களத்தில் மோதும் ஒரு நாளையே நினைத்திருந்த காலத்தில், அந்நாளுக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையே லாலி திரும்பத்திரும்பப் பேசுகிறார்: கருவூலத்தில் பணமில்லை, வண்டிகளும் மாடுகளும் சுமையாட்களும் திரட்டப்படவில்லை, கடலூருக்குச் செல்லும் படைக்கு வழியில் உணவு ஏற்பாடாகவில்லை, தரைப்படைக்குத் தேவையான வேளையில் கப்பற்படை கரையை விட்டு நீங்குகிறது, கம்பெனி அலுவலர் சிலருடைய கை நிறைய, கம்பெனியின் பெட்டி காலியாகிறது. வாடைக்காற்று தொடங்கினால் இக்கரையில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்க முடியாது என்பதும், திறந்த கடலுக்கு முகம் காட்டி நிற்கும் புதுச்சேரிக்குக் காப்பான துறைமுகம் இல்லை என்பதும், இப்பகுதி மீனவர் அனைவரும் அறிந்த செய்தி. அந்த ஓர் இயற்கை உண்மை ஒரு பேரரசின் திட்டத்தை எப்படி முறித்தது என்பதை லாலியின் குற்றச்சாட்டுகள் வழியே தெளிவாகக் காணலாம். பணமும் கடலும் துணை நிற்காத படை எத்தனை வீரமுடையதாயினும் தோற்கும் என்ற அவர் வாதம், தன்னலத்திலிருந்து எழுந்ததாயினும், பெரிதும் உண்மையே.

மூன்றாவது சிறப்பு சொல்லின் சுருக்கம். இந்தியாவில் ஆங்கிலேயரே இருக்கக் கூடாது என்பதுதான் தம் அரசியல் முழுவதும் என்று புஸ்ஸிக்கு அவர் எழுதியது, ஒரு படையெடுப்பின் நோக்கத்தைச் சில சொற்களில் அடக்கிவிடுகிறது. சென்னை முற்றுகை முடிவதற்குச் சில நாள் முன்பு புதுச்சேரி ஆளுநருக்கு எழுதி, ஆங்கிலேயர் கையில் சிக்கிய கடிதம் இன்னும் புகழ்பெற்றது. விவிலியத்தில் பாவத்தால் எரிந்தழிந்ததாகச் சொல்லப்படும் சோதோம் நகரோடு புதுச்சேரியை அதில் அவர் ஒப்பிடுகிறார். வானத்துத் தீ விழாவிட்டாலும் ஆங்கிலேயரின் தீ அதை அழிக்கத் தவறாது என்கிறார். அங்கே இருப்பதைவிட மடகாஸ்கர் தீவின் கறுப்பின மக்களுக்குத் தலைவனாகப் போவதே மேல் என்கிறார். நடந்த அழிவை இரண்டாண்டு முன்பே கண்டு சொன்ன கூர்மை அதில் உண்டு. மனிதரை இழிவாகக் கருதும் மனமும் அதே கடிதத்தில், அதே மையில் பதிந்திருக்கிறது. அவருடைய நடையின் ஆற்றலையும் அவருடைய குறையையும் இந்த ஒரு கடிதத்திலேயே சேர்த்துக் காணலாம்.

அக்குறை நடையோடு நிற்கவில்லை. தஞ்சாவூர்ப் படையெடுப்பின்போது கீழ்வேளூர்க் கோயில் சூறையாடப்பட்டது. ஒற்றர் என்று ஐயுற்றுப் பிராமணர் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடச் செய்தார். சுமைதூக்க ஆள் கிடைக்காதபோது நகரத்து மக்களைத் தொழில், நிலை, வழக்கம் எதையும் பாராமல் கட்டாயப்படுத்திச் சுமக்க வைத்தார். முற்றுகையில் உணவு குறைந்தபோது, புதுச்சேரியின் தமிழ் மக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். முற்றுகையிட்ட ஆங்கிலப் படை அவர்களைக் கடந்துபோக விடாமல் மறிக்க, ஆணும் பெண்ணும் குழந்தைகளும் இரு படைகளுக்கும் நடுவே பல நாள் பட்டினி கிடந்தபின்னரே கூட்ட் வழிவிட்டார். இந்நிகழ்ச்சிகளை அறிந்தபின், ஆள்பலமும் உணவும் ஏன் கிடைக்கவில்லை என்று லாலி எழுப்பும் கேள்விக்கு, அவர் தராத விடை ஒன்று தெரியவருகிறது. தம்மைச் சுற்றியிருந்த மக்களின் நம்பிக்கையை இழந்த தளபதிக்கு வண்டியும் மாடும் நெல்லும் எவர் கொண்டுவருவர்? தம் தோல்விக்குக் காரணங்களை அவர் விரித்தெழுதினாலும், அக்காரணங்களில் தம் கையால் விளைந்ததை மட்டும் விட்டுவிடுகிறார்.

லாலியின் எழுத்தைத் தனியே படிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். அதன் அருகில் வைக்கத்தக்க நூல் தமிழில் உள்ளது. அது ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு. பிள்ளை துபாஷியாக, அதாவது பிரெஞ்சு ஆட்சியாளருக்கும் உள்ளூர் வணிகருக்கும் அரசர்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும் விளங்கியவர். 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர். லாலி வந்தபோது பழைய செல்வாக்கை இழந்திருந்தவர். நகரம் வீழ்வதற்குச் சில நாள் முன்பு, 1761 சனவரியிலேயே காலமானவர். அவருக்கும் சாய்வுகள் உண்டு: டூப்ளேயின் காலமே பொற்காலம் என்ற ஏக்கம், தம் போட்டியாளர்மேல் காழ்ப்பு, சாதி மேன்மையில் உறுதியான பற்று. ஆனால் எந்த நீதிமன்றத்துக்கும் விடை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல், அன்றன்று கண்டதையும் கேட்டதையும் அவர் எழுதினார். யாரிடம் எவ்வளவு பணம் கேட்கப்பட்டது, யார் ஊரைவிட்டு வெளியேறினர், கடைத்தெருவில் என்ன பேச்சு நடந்தது என்பவை லாலிக்குப் பொருட்டாகாதவை. பிள்ளைக்கோ அவையே நாளின் செய்தி. தளபதி நகரத்தை வரைபடத்தில் பார்க்க, துபாஷி அதைத் தெருவில் நின்று பார்க்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே 1758 முதல் 1761 வரையிலான புதுச்சேரி முழுமையாகப் புலப்படும்.

எழுத்தின் குறையைச் சுட்டுவதால் எழுதியவருக்கு நேர்ந்த அநீதி சிறிதாகிவிடாது. பாரிஸ் நாடாளுமன்றம் எனப்பட்ட உயர்நீதிமன்றம், அரசரின் நலனையும் நாட்டின் நலனையும் கம்பெனியின் நலனையும் காட்டிக்கொடுத்தார் என்று தீர்ப்பளிக்க, 1766 மே 9 அன்று லாலியின் தலை வெட்டப்பட்டது. கொலைக்களத்துக்குச் செல்லும் வழியில் பேசிவிடக் கூடாதென்று அவர் வாய் கட்டப்பட்டது. சொல்லையே கடைசிப் படைக்கலமாகக் கொண்டிருந்தவருக்கு இதைவிடக் கொடிய தண்டனை வேறில்லை. அவர் எழுதியது வீணாகவில்லை. முதுமையிலிருந்த வோல்தேர் அவ்வழக்கைக் கையிலெடுத்து, 1773-இல் இந்தியாவையும் லாலியின் மரணத்தையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். லாலியின் மகன் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 1778 மே மாதத்தில் அரசரின் மன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. இறக்கும் தறுவாயில் இருந்த வோல்தேர் அச்செய்தி கேட்டு மகிழ்ந்து மகனுக்கு எழுதிய சில வரிகளே அவருடைய கடைசிக் கடிதம். வோல்தேரும் லாலியைச் சிறந்த தளபதி என்றோ இனிய மனிதர் என்றோ வாதிடவில்லை. கடுமையானவராகவும் விவேகமற்றவராகவும் இருப்பது துரோகமாகாது என்பதே அவர் நிலை. நேர்மையான மதிப்பீட்டுக்கு அது இன்றும் வழிகாட்டுகிறது.

தோற்றவரின் சொல்லைப் போற்றுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. சோழன் செங்கணானிடம் போரில் தோற்று, குடவாயில் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாகப் புறநானூற்றில் எழுபத்து நான்காம் பாட்டு உள்ளது. தண்ணீர் கேட்டுக் காலந்தாழ்த்திப் பெற்று, அதைப் பருகாமல் அவன் உயிர்விட்டதாகப் பழங்குறிப்பு கூறுகிறது. அப்பாட்டில் அவன் படைத்தலைவரையோ அமைச்சரையோ குறைகூறவில்லை. பகைவரிடம் இரந்து நிற்க நேர்ந்த தன் நிலையையே நொந்துகொள்கிறான். லாலியின் எழுத்து இதற்கு நேர்மாறானது. அதில் எல்லாரும் குற்றவாளிகள், எழுதுபவர் ஒருவரே நிரபராதி. கிரேக்க நாட்டுத் துசிடிடீஸ் மூன்றாம் வழியைக் காட்டுகிறார். கி.மு. 424-இல் ஆம்பிபோலிஸ் நகரைக் காக்கத் தவறி இருபதாண்டுகள் நாடுகடத்தப்பட்ட அத்தளபதி, தாம் எழுதிய போர் வரலாற்றில் அத்தோல்வியைச் சில வரிகளில் மட்டுமே, தம்மைப் படர்க்கையில் நிறுத்திச் சொல்லிவிட்டு நகர்கிறார். தோல்வியைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் எழுத்து, பிறர்மேல் சுமத்தும் எழுத்து, ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துப் போரையே ஆராயும் எழுத்து என்று இம்மூன்றையும் வகைப்படுத்தலாம்.

விடுதலை பெற்ற இந்தியாவிலும் இந்த வகைப்பாடு பொருந்துகிறது. 1962-இல் சீனப் போரில் வடகிழக்கு எல்லையில் நான்காம் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் ஜெனரல் பி.எம். கௌல், பதவி விலகியபின், 1967-இல் சொல்லப்படாத கதை என்ற பொருளுடைய தலைப்பில் தம் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவருக்குக் கீழே நாம்கா சூ ஆற்றங்கரையில் ஏழாம் பிரிகேடை நடத்திச் சீனரிடம் சிறைப்பட்டிருந்த பிரிகேடியர் ஜே.பி. தல்வி, இமயப் பெரும்பிழை என்ற பொருள்தரும் நூலை 1969-இல் எழுதினார். களத்து அனுபவம் குறைந்தவர் என்று கடுமையாக விமரிசிக்கப்பட்ட கௌலின் நூல், தன்னைக் காக்கும் அவசரத்திலேயே, அன்றைய டில்லியின் முடிவெடுக்கும் முறையைத் திறந்துகாட்டிவிடுகிறது. தல்வியின் நூல், மேலே எடுத்த முடிவுகள் கம்பளியும் குண்டுகளும் போதாத வீரர்கள்மேல் எப்படி இறங்கின என்பதைக் காட்டுகிறது. லாலியும் பிள்ளையும் போல, இவ்விரு நூல்களும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்றே முழுப்பொருள் தருகின்றன.

இச்சான்றுகளிலிருந்து ஒரு வாசிப்பு நெறியை வகுத்துக்கொள்ளலாம். முதலில், எழுத்து யாரை நோக்கி எழுதப்பட்டது என்று காண வேண்டும். லாலி எழுதியது நீதிபதிகளுக்கு, ஆகவே அதில் ஒப்புதலைத் தேடுவது வீண். அடுத்து, எழுதியவர் தம் நலனுக்கு மாறாகவோ, நலன் பாராமலோ சொல்லும் செய்திகளைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். பணமுடை, பருவக்காற்று, சம்பள பாக்கி பற்றி லாலி தருபவற்றுள் பல, பகைவர் தரப்பிலும் உறுதிப்படுபவை. மூன்றாவதாக, எழுத்தில் யார் பெயரோடு வருகின்றனர், யார் பெயரின்றிக் கூட்டமாக மட்டும் வருகின்றனர் என்று கேட்க வேண்டும். சுமை தூக்கியவர், நெல் அளந்தவர், கோட்டைக்கு வெளியே துரத்தப்பட்டவர் ஆகியோருக்கு லாலியின் ஏடுகளில் பெயரில்லை. இம்மூன்று கேள்விகளையும் கேட்டபின்னும் அவ்வெழுத்தின் ஆற்றல் குறைவதில்லை. எது கலை, எது வாதம், எது மறைப்பு என்று தெரிந்து படிப்பதால் மதிப்பு இன்னும் உறுதியாகிறது.

குறையுடைய மனிதரின் நல்ல எழுத்தை ஒதுக்கிவிடுவதும், எழுத்து நன்றாயிருப்பதால் மனிதரை மன்னித்துவிடுவதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள். இரண்டிலும் வாசகர் தம் பொறுப்பைக் கைவிடுகிறார். லாலியின் வழக்குரையும் அதே காலத்து ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பும் ஒரே தொகுதியாக, நாள் வரிசைப்படி எதிரெதிர்ப் பக்கங்களில் தமிழில் அமைவது, இப்பகுதிக் கல்லூரிகளும் நூலகங்களும் கூடிச் செய்யத்தக்க பணி. பெருமுக்கலையும் வழுதாவூரையும் அன்றாடம் கடந்து பள்ளிக்குச் செல்லும் மாணவர், தம் ஊர்களைத் தளபதி எப்படி எழுதினார், துபாஷி எப்படி எழுதினார் என்று ஒப்பிட்டுப் படித்து, இருவருமே எழுதாமல் விட்ட தம் முன்னோரின் கதையைத் தேடத் தொடங்குவாரானால், தோற்ற தளபதி சிறையில் வருந்தி எழுதிய ஏடுகள், அவர் எண்ணிப் பாராத வகையில், இம்மண்ணுக்குப் பயன்பட்டவை ஆகும்.